இன்னும் இரண்டு சொல் மிச்சம்

இனயம்
7-8-2024

மதிப்பிற்குரிய ரெஜிலா டீச்சர் அவர்களுக்கு,

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அபினாவுக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை முதல் பள்ளிக்கு வரவில்லை. இந்த வாரம் முழுவதும் விடுப்பு தந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக்கும் இந்த வாரம் மீன் கொண்டுவர முடியாது. உங்கள் அத்தையிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளை ஏற்றிவரும் வேன்காரர் செல்வதாஸ் அண்ணன் கையில் இதைக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மரியபுஷ்பம்


நெய்யூர்
9-8-2024

அன்புள்ள புஷ்பம்,

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று படித்ததும் சங்கடமாகிவிட்டது. கஞ்சியும் சுட்ட பப்படமும் கொடுங்கள். டாக்டரிடம் காட்டினீர்களா? ஃபோன் பண்ணினேன், எடுக்கவில்லை. வகுப்பு வாட்ஸப் குரூப்பிலும் உங்களைக் காணவில்லை. நம்பர் மாற்றிவிட்டீர்களா?

அபினா இல்லாமல் தமிழ் வகுப்பு உப்பில்லாத கஞ்சியாகக் கிடக்கிறது. ஜூன் மாதம் இந்த வகுப்பை எடுத்தபோது பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே சொல் ‘நல்ல’. நல்ல மழை, நல்ல வீடு, நல்ல மாடு, நல்ல பாம்பு. பாம்பு ஒன்றுதான் சரி. கட்டுரை திருத்தித் திருத்தி எனக்கே அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தத் திங்கட்கிழமைச் சொல்லை ஆரம்பித்தேன். திங்களன்று பலகையில் ஒரு சொல் எழுதுவேன். அதே பொருள் தரும் வேறு சொற்களைப் பிள்ளைகள் வீட்டில், கடையில், பஸ்ஸில் கேட்டுக் கொண்டுவர வேண்டும். பிறகு ஒவ்வொரு சொல்லையும் பொருத்தமான இடத்தில் வைத்து வாக்கியம் எழுத வேண்டும். பத்து மார்க். பிந்தினால் நாளுக்கு ஒரு மார்க் குறைப்பேன், அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

ஜூலையில் ‘மணம்’ கொடுத்தேன். இருபத்து மூன்று சொல் வந்தது. ‘கமழ்ச்சி’ கொண்டுவந்தது உங்கள் மகள்தான். அன்றைக்கு மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். “இந்த வகுப்பில் தமிழ் மணக்கிறது” என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போனார். சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, போட்டோ எடுத்து குரூப்பிலும் போட்டேன். பார்த்திருப்பீர்கள்.

இந்த வாரச் சொல் ‘சிரிப்பு’. அபினாவின் நோட்டைச் செல்வதாஸிடம் கொடுத்தனுப்புகிறேன். படுத்துக்கொண்டே எழுதட்டும். காய்ச்சல்காரிக்கு மட்டும் மார்க் குறைக்க மாட்டேன்.

அத்தை தினமும் உங்களைக் கேட்கிறார். பைக்கில் வருகிறவனிடம் சாளை வாங்கினோம். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கியது என் தப்பு, குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை.

அன்புடன்,
ரெஜிலா


இனயம்
12-8-2024

டீச்சருக்கு,

அபினாவுக்குக் காய்ச்சல் இல்லை. பொய் எழுதியதற்கு மன்னிக்கவும். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். விடுப்புக் கடிதம் என்றால் காய்ச்சல் என்றுதான் எழுதத் தெரியும்.

நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்க்கிறேன், பள்ளிக்கூடப் பையை எலுமிச்சங்காய்த் தோல் போட்டுத் தேய்த்துக் கொண்டிருக்கிறாள். அந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

“எதுக்கு மக்கா பைய இந்தக் கழுவு கழுவுற?”

“வாடை போகட்டுன்னு.”

“ஆரு சொன்னா வாடைன்னு?”

“அது மொத நாளு உள்ள சொல்லும்மா. வெள்ளிக்கிழமைக்கு உள்ளது புலவு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருத்திக் கேட்டேன். உங்கள் சார்ட்டில் முதல் பத்துச் சொல்லும் பூ மணம், சந்தன மணம். பதினொன்றிலிருந்து கீழே உள்ள பதின்மூன்றும் நாற்றம். ஜூலை பத்தொன்பதாம் தேதி முதல் ஒரு நாளைக்கு ஒரு சொல் என்று பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாடை, நெடி, வெடுக்கு, வீச்சம், மொச்சை, கவுச்சி என்று சுவரில் ஒட்டிய வரிசை மாறாமல். நாளைக்கு என்ன பேர் என்று முந்தின நாளே அவள் சார்ட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வருவாளாம். பதினொரு நாள் டீச்சர்.

இனிமேல் போக வேண்டாம் என்றேன். அவள் சொன்னதைக் கேளுங்கள். “விடும்மா, இன்னும் ரெண்டு சொல்லுதான் மிச்சம். அது தீந்தா பிறவு ஒண்ணும் இல்ல.”

அவளை அடக்கி வீட்டில் வைத்திருப்பது நான்தான். குரூப்பில் நீங்கள் போட்ட போட்டோவுக்குக் கீழே ஆளாளுக்குக் கைதட்டியிருந்ததைப் பார்த்தேன். உடனே குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். ஃபோனை எடுத்தால் வாயில் வந்ததைப் பேசிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அவளை உங்கள் பள்ளியில் சேர்க்கச் சொன்னது நீங்கள். லீவு நாளில் அவள் என்னோடு வந்து உங்கள் வீட்டுப் படியில் இருந்து பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்ததைப் பார்த்துவிட்டு, “இவளை என்கிட்ட விடு, நான் பாத்துக்கிடுதேன்” என்றீர்கள். நானும் நம்பினேன். வாசலில் ‘நீ’ என்கிறீர்கள், கடிதத்தில் ‘நீங்கள்’ என்று எழுதுகிறீர்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை.

முதன்முதலில் “அபினா வாடை” என்று சொன்னது பிரதீஷ் என்ற பையன். வகுப்பே சிரித்ததாம். அப்போது டீச்சர் வகுப்பில் இருந்தார்களா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

எப்படியானாலும் டி.சி. வேண்டும். இங்கே பக்கத்துப் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறேன்.

மரியபுஷ்பம்


நெய்யூர்
13-8-2024

அன்புள்ள புஷ்பம் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன். என் வகுப்பில், என் கண் முன்னால் இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று நம்பவே முடியவில்லை. சத்தியமாக எனக்குத் தெரியாது அக்கா.

அன்று நான் வகுப்பில்தான் இருந்தேன். ஆனால் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. நாற்பது பிள்ளைகள் இருக்கிற இடம், சத்தம் இல்லாமல் இருக்குமா? அதிகாரி வேறு வந்திருந்தார். யார் என்ன சொன்னார்கள் என்று என் காதில் விழவில்லை.

சார்ட்டை இன்று காலையிலேயே கிழித்து எடுத்துவிட்டேன். பிரதீஷைக் கூப்பிட்டு வைத்து நன்றாகக் கொடுத்தேன். பிள்ளைகள் விளையாட்டுப் புத்தியில் செய்ததுதான், மனதில் விஷம் கிடையாது. ஒரு நல்ல பயிற்சியை யாராவது இப்படித் திருப்பிக்கொண்டால் பயிற்சியின் மேல் பழி போட முடியுமா என்றும் யோசிக்கிறேன். கத்தி காய் நறுக்கவும் செய்யும், விரலை நறுக்கவும் செய்யும்.

ஒரு காரியம் செய்கிறேன். அடுத்த திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் முழுப் பள்ளிக்கும் முன்னால் பிரதீஷையும் மற்றவர்களையும் அபினாவிடம் மன்னிப்புக் கேட்க வைக்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்களும் மேடையில் வந்து நில்லுங்கள். எல்லோரும் பார்க்கட்டும்.

டி.சி. என்று மட்டும் எழுதாதீர்கள். அவளைப் போல ஒரு பிள்ளை எனக்குக் கிடைத்ததில்லை.

அன்புடன்,
ரெஜிலா


இனயம்
16-8-2024

டீச்சருக்கு,

கூட்டம் வேண்டாம். முதலில் நாற்பது பேர் பார்த்தார்கள், இனி நானூறு பேர் பார்க்க வேண்டுமா? எதற்கு மன்னிப்பு என்று தெரியாத பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். அவள் பேரை இனி எந்தக் கூட்டத்திலும் எடுக்காதீர்கள். என்னை அக்கா என்றும் எழுத வேண்டாம். நாலு வருடமாக உங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறேன், அன்றெல்லாம் இல்லாத அக்கா இப்போது எதற்கு?

உங்கள் கடிதம் வந்த பிறகு அவளிடம் கேட்டேன். டீச்சர் அப்போது பலகையைப் பார்த்து நின்றார்களா என்று.

“இல்லம்மா. எங்களப் பாத்துத்தான் நின்னாவ. சிரிச்சாவ. ‘அதுவும் ஒரு சொல்லுதானே’ன்னு சொல்லிப்போட்டு, பிறவுதான் திரும்பி எழுதினாவ.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. உங்களைக் குறை சொல்வது போலவும் சொல்லவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் சொல்வாளே, அப்படித்தான் சொன்னாள்.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. பையைக் கழுவின அன்று ராத்திரி அவள் தூங்கின பிறகு அவள் தலையை முகர்ந்து பார்த்தேன். பெற்ற தாய், டீச்சர். பதினொரு நாள் பிள்ளைகள் செய்ததை நானும் பன்னிரண்டாவதாகச் செய்தேன். அது கரையில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் உள்ள மணம்தான். ஆனாலும் முகர்ந்தேனே என்று நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் தலையிலிருந்து சருவத்தை இறக்கி வைத்து மீன் விற்றுவிட்டுத் தெரு முனை திரும்புவதற்குள் உங்கள் வீட்டில் படிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். அதை நான் தப்பாக எடுத்ததே இல்லை. மீன் தண்ணீர் சொட்டும், ஈ வரும், நானானாலும் ஊற்றுவேன். ஆனால் அபினா அந்தப் படியில் இருந்துதான் படித்தாள். அவள் எழுந்த இடத்திலும் தண்ணீர் விழுந்தது. அதை அவள் பார்த்திருக்கிறாள் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும்.

‘சிரிப்பு’ நோட்டை அனுப்புகிறேன். கொடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். “வீட்டுப்பாடம்லாம்மா, கொடுக்கணும்” என்றாள். கடைசி வரியை நீங்களே படியுங்கள். டி.சி.யைச் செல்வதாஸ் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.

மரியபுஷ்பம்


நெய்யூர்
20-8-2024

புஷ்பம்,

பலகையைப் பார்த்து நின்றேன் என்று எழுதியது பொய். உங்கள் பொய்க்காவது காய்ச்சல் என்று ஒரு மரியாதை இருந்தது. என் பொய் ஒரு பிள்ளையின் கண்ணைப் பொய்யாக்கப் பார்த்தது.

நோட்டை வெள்ளிக்கிழமை சாயங்காலமே படித்துவிட்டேன். பதில் எழுத நாலு நாள் ஆகிவிட்டது. பன்னிரண்டு சொல் எழுதியிருக்கிறாள். ‘விலை படிந்தால் அம்மா புன்னகை செய்வாள்.’ ‘மாதா சுரூபத்தின் முகத்தில் முறுவல் இருக்கிறது.’ ‘அஸ்வதி நமுட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.’ ‘பிரதீஷ் கெக்கலி கொட்டினான்.’ ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் இருக்கிறது. நான் இத்தனை வருடம் பிள்ளைகளிடம் கேட்டது இதைத்தான். ‘இளிப்பு’ என்ற சொல்லுக்கு மட்டும் ‘வாக்கியம் கிடைக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாள். கீழே கடைசி வரி: ‘ரெஜிலா டீச்சர் சிரித்தது இதில் எது என்று தெரியவில்லை.’

சனிக்கிழமை பிரதீஷின் வீட்டுக்குப் போனேன். முன்பு திட்டியது போதாது, அவன் அம்மாவின் முன்னாலும் கேட்க வேண்டும் என்று போனேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், “நீங்களும் சிரிச்சியளே டீச்சர்” என்றான். அவன் அம்மா என்னைப் பார்த்தாள். கொடுத்த காப்பியைக் குடிக்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லும்போது வாய் அசைந்தது, வேறொன்றும் அசையவில்லை. வீட்டுக்கு வந்து அத்தை ஊற்றுகிற அந்தத் தண்ணீரைப் பற்றி யோசித்தேன். எழுதும்போது அத்தை என்று எழுதுகிறேன். பள்ளி இல்லாத நாளில் வாளியைத் தூக்குகிறவள் நான்தான். அபினா அங்கே இருந்தாளா, எழுந்தாளா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் நின்றேன். அவள் பேரை எடுக்கவில்லை. “ஜூலை பதினெட்டாம் தேதி ஒருத்தரை நோகடிக்கிற மாதிரி ஒரு சொல் வந்தப்போ நான் சிரிச்சேன். அதைக் கேட்டுத்தான் நீங்களும் தைரியமா சிரிச்சீங்க. தப்பு என்னுடையது” என்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது, அல்லது தெரியாதது போல நான் இருந்திருக்கிறேன்.

இனி அபினாவின் கேள்விக்கு வருகிறேன். அவள் எழுதிய பன்னிரண்டு சொல்லையும் நான் போட்டுப் பார்த்தேன். புன்னகை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஏளனமோ என்று பார்த்தேன். அதுவும் இல்லை, ஏளனம் பண்ணுகிறவன் எதிரில் இருப்பவரையாவது பார்ப்பான். நான் அபினாவைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது பின் பெஞ்சில் இருந்த அதிகாரியை. அவர் சிரித்தார், அதனால் சிரித்தேன். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் அந்த நிமிஷமே பிரதீஷை எழுப்பி நிற்க வைத்திருப்பேன், இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பெரிய மனுஷனுக்கு முன்னால் பல்லைக் காட்டுவதற்கு நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அவள் விட்டிருந்த இடத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ‘அதிகாரியைப் பார்த்து ரெஜிலா டீச்சர் இளித்தாள்.’ ‘இளித்தார்’ என்று எழுதக் கை போனது. அழித்துவிட்டு ‘இளித்தாள்’ என்றே எழுதினேன். நோட்டை அவளிடம் கொடுங்கள்.

டி.சி. இதனோடு இருக்கிறது. தலைமையாசிரியரின் கையெழுத்து வாங்கிவிட்டேன். அவளைத் தடுத்து வைக்க எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. அவள் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அங்கே வாய் திறந்து பேச வேண்டும், அது ஒன்றுதான் என் பயம். அந்த வாயை நான் அடைத்துவிட்டேனோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ரெஜிலா


இனயம்
24-8-2024

டீச்சருக்கு,

நோட்டை அவளிடம் கொடுத்தேன். கடிதத்தை நான் வாசித்துக் காட்டவில்லை, அவளே எடுத்து வாசித்தாள். வாசித்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போகவில்லை. நெத்தோலி காயப் போட்டிருந்தது, காகம் விரட்டிக்கொண்டு இருந்தேன்.

மூன்று நாளும் நோட்டைத் தொடவில்லை. நான் டி.சி.யை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்குப் போகலாம் என்று இன்று காலை புடவை மாற்றினேன். “எங்கம்மா போற?” என்றாள். சொன்னேன். “செவ்வாய்க்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் உண்டும்லா” என்றாள். திங்கட்கிழமை லீவாமே.

“அந்த ரெண்டு சொல்லு மிச்சம் இருக்குல்லா. கூப்பிட்டா என்னட்டி செய்வ?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, பயத்தில் கேட்டுவிட்டேன்.

“கூப்பிட்டா, எந்த இடத்துல பொருந்துதுன்னு ஒரு வாக்கியம் எழுதிக் காட்டச் சொல்லுவேன்” என்றாள். சொல்லிவிட்டு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். தைரியம் முழுதாக வரவில்லை. கூப்பிட யாருக்கும் வாய் வராமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

டி.சி.யைக் கிழிக்கவில்லை. மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அது அங்கேயே இருக்கும்.

உங்கள் தெருவுக்குப் புதன்கிழமை வருகிறேன். மீன் விற்காமல் எத்தனை நாள் இருக்க முடியும்? அயலை கிடைத்தால் கொண்டுவருவேன். படிக்குத் தண்ணீர் ஊற்றுவதானால் நான் நிற்கும்போதே ஊற்றுங்கள். வாளியை என்னிடம் தந்தாலும் ஊற்றுகிறேன், என் சருவத்துத் தண்ணீர்தானே. நான் முதுகைத் திருப்பின பிறகு மட்டும் ஊற்றாதீர்கள்.

பாதி எழுதும்போது அவள் வந்து நோட்டை எடுத்தாள். உங்கள் பென்சில் வரியை இன்னொரு தடவை வாசித்தாள். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்த வரிக்கு நேரே ‘சரி’ என்று எழுதினாள். பக்கத்தில் பத்துக்கு நாலு என்று போட்டாள்.

“ஏன் மக்கா நாலு?” என்று கேட்டேன்.

“பிந்தி எழுதினா நாளுக்கு ஒரு மார்க்கு குறைப்பாவ. டீச்சருக்க சட்டமாக்கும். இது ஒரு மாசம் பிந்திப்போச்சு.”

“அப்பம் சைபர்தானே வரணும்?”

பேனாவைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

“சைபர் போட்டா பிறவு எழுதுயதுக்கு மனசு வராதும்மா.”

நானாக இருந்தால் நாலு போட்டிருக்க மாட்டேன், டீச்சர். ஆனால் நோட்டு அவளுடையது.

மரியபுஷ்பம்